முதல் பருவத்தில் எவ்வளவு அல்காரிதம்?

பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் நேரத்தில், கணினித் துறை ஆசிரியர்களிடையே ஒரு பழைய கேள்வி மீண்டும் எழும். நிரல் எழுதியே பழகாத மாணவருக்குத் தரவுக் கட்டமைப்புகளையும் அல்காரிதங்களையும் முதல் பாடத்திலேயே கற்பிக்க வேண்டுமா, மொழி கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு எனப் பெயர் கொண்ட பிரிவுகளைத்தான் இன்று பெருவாரியான மாணவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். சிவில், மெக்கானிக்கல் எடுத்தவர்களும் முதலாண்டில் நிரலாக்கத் தேர்வு எழுதுகிறார்கள். ஆகவே இதை ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் அக்கறை உண்டு.

இரு தரப்பிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவர் நன்றாக வர வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அதனால் ஒரு தரப்பைத் தோற்கடிக்கும் நோக்கமின்றி, இரண்டையும் பொறுமையாகக் கேட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன், வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. நான்காவது பாடம் கணினி அறிவியலாகவும் இருக்கலாம், உயிரியலாகவும் இருக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர் 11-ஆம் வகுப்பில் சி++ மொழியையும் 12-ஆம் வகுப்பில் பைத்தானையும் பார்த்திருப்பார். 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் அல்காரிதங்களுக்கென்று தனிப் பாடமே உண்டு. தேடல், வரிசைப்படுத்தல், டைனமிக் புரோகிராமிங் வரை அதில் வந்துவிடுகிறது. உயிரியல் எடுத்தவருக்கோ இவற்றில் எதுவும் அறிமுகமில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் 2021 முதல் ஒதுக்கப்படுவதால், தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவரும் அதே பெஞ்சில் இருக்கிறார். நகரப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக நிரல் எழுதிப் பழகியவர் அவருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும். இந்த வகுப்புக்கு ஒரே வேகம் ஒத்துவராது என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும்.

முதல் பருவத்திலேயே வேண்டும் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் வேலைவாய்ப்பு. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் முதலில் வைப்பது இணையவழி நிரலாக்கத் தேர்வு. அதில் மொழியின் இலக்கணத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு கணக்கைக் கொடுத்து, விடை சரியாக வருகிறதா, குறித்த நேரத்துக்குள் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தரவுக் கட்டமைப்பையும் அல்காரிதத்தையும் சேர்த்துக் குறிக்கும் 'டிஎஸ்ஏ' என்றாலே மாணவர் மொழியில் பிளேஸ்மென்ட் என்றாகிவிட்டது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு வேலை முக்கியம். அதைக் கருத்தில் கொள்ளும் ஆசிரியரை வணிகமயமாகிவிட்டார் என்று பழிப்பது நியாயமாகாது.

இதைவிட ஆழமான காரணமும் அவர்களிடம் இருக்கிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1976-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, அல்காரிதமும் தரவுக் கட்டமைப்பும் சேர்ந்தால்தான் நிரல் என்று ஒரு சமன்பாடாக அமைந்தது. மொழியை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுத் தரவை எப்படி அடுக்குவது, எந்த வழியில் தேடுவது என்பதைத் தள்ளிப்போட்டால், மாணவருக்கு நிரலாக்கம் என்பது அரைப்புள்ளிகளையும் அடைப்புக்குறிகளையும் மனப்பாடம் செய்யும் வேலையாகத் தெரியும். அவர் சலித்துப்போவார். உண்மையில் அந்த வகுப்பில் இருக்கும் பெரும்பாலோர் ஓர் அல்காரிதம் வழியாகத்தான் அங்கே வந்திருக்கிறார்கள். கலந்தாய்வுத் தரவரிசைப் பட்டியல் என்பது வரிசைப்படுத்தல்தான். கட்-ஆப் சமமாக இருந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் எனப் படிப்படியாகப் பார்த்து, எல்லாமே சமமானால் பிறந்த தேதியையும் இறுதியில் ரேண்டம் எண்ணையும் வைத்து முடிவு செய்கிறார்கள். தன் தரவரிசை எண்ணுக்காக இரவெல்லாம் காத்திருந்த மாணவருக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேறு ஏது?

அந்தப் பட்டியலில் 2 லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போகும் பபுள் சார்ட் முறையில் ஏறத்தாழ 2,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்திச் சேர்க்கும் மெர்ஜ் சார்ட் முறையில் சுமார் 35 லட்சம் போதும். நொடிக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் கணினியில் முதலாவது அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், இரண்டாவது அரை நொடிக்குள் முடியும். வரிசைப்படுத்திய அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட மாணவரைக் கண்டுபிடிக்க, நடுவில் திறந்து பாதியை ஒதுக்கும் பைனரி சர்ச் முறையில் அதிகபட்சம் 18 முறை பார்த்தால் போதும். கணினி ஒன்றே, மொழி ஒன்றே, யோசித்த விதம் மட்டும் வேறு. இந்த வியப்பை மூன்றாம் பருவம் வரை மாணவரிடமிருந்து மறைத்துவைப்பானேன் என்று அவர்கள் கேட்பது சரியான கேள்வி.

இப்போது மறுதரப்பு. முதல் பாடம் உலகெங்கும் மாணவரைத் தடுக்கி விழவைக்கும் பாடம் என்பதை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, நிரலாக்கத்தின் தொடக்கப் பாடங்களை முடித்த மாணவர்களிடம் கணிதக் கோவைகளுக்கு விடை காணும் சிறிய கால்குலேட்டர் ஒன்றை எழுதச் சொன்னார்கள். ஸ்டாக் என்ற எளிய கட்டமைப்பைப் பயன்படுத்தத் தெரிந்தால் எழுதிவிடலாம். சராசரி மதிப்பெண் 110-க்கு 23-ஐக்கூட எட்டவில்லை. 2014-இல் வாட்சன், லீ இருவரும் 15 நாடுகளின் பாடங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் நிரலாக்கப் பாடத்தில் சராசரியாக மூன்றில் ஒருவர் தேறவில்லை என்று கண்டார்கள். மடக்கு வாக்கியமே சரியாக எழுத வராதவரிடம் லிங்க்டு லிஸ்டையும் பாயிண்டரையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? முதல் பருவ அரியர் ஒரு பாடத்தோடு நிற்பதில்லை. தனக்கு இது வராது என்ற எண்ணத்தை மனதில் விதைத்துவிட்டுப் போகிறது. கிராமப்புற மாணவரிடம் அந்த எண்ணம் வேரூன்றிவிட்டால் நான்கு ஆண்டும் அதை எடுக்க முடியாமல் போகிறது.

எளியது என்று நாம் நினைப்பதும் எளியதன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பைனரி சர்ச் முதன்முதலில் அச்சில் வந்தது 1946-இல். எல்லா அளவுப் பட்டியலுக்கும் இயங்கும் வடிவம் வெளிவந்தது 1960-இல்தான் என்று டொனால்டு குனுத் பதிவு செய்திருக்கிறார். இடையில் 14 ஆண்டுகள். அதோடும் முடியவில்லை. ஜாவா மொழியின் நூலகத்தில் பல ஆண்டுகளாக இருந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை ஒளிந்திருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தாமே வெளிப்படையாக அறிவித்தார். ஏறத்தாழ 100 கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தால், இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் கூட்டுத்தொகை எல்லை மீறிவிடும். இவ்வளவு அனுபவமுள்ளவர்களே தடுமாறிய இடத்தில், பதினேழு வயது மாணவர் ஒரு வகுப்பு நேரத்தில் தெளிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதுவும் சரியான கேள்விதான்.

இரண்டையும் கேட்ட பிறகு, கையில் இருக்கும் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில், முதல் பருவத்தில் பைத்தான் வழியே சிக்கல் தீர்த்தல் என்ற பொதுப் பாடமும், கணினிப் பிரிவினருக்கு இரண்டாம் பருவத்தில் சி மொழியும், மூன்றாம் பருவத்தில் தரவுக் கட்டமைப்பும், நான்காம் பருவத்தில் அல்காரிதங்களும் வைக்கப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் இது தள்ளிப்போடும் தரப்பின் வெற்றி. ஆனால் முதல் பருவப் பாடத்தின் முதல் அலகிலேயே நான்கு கணக்குகள் இருக்கின்றன: பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் காண்பது, அடுக்கிவைத்த சீட்டுகளில் புதுச் சீட்டு ஒன்றைச் செருகுவது, ஓர் எல்லைக்குள் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். சீட்டைச் செருகத் தெரிந்தவர் இன்செர்ஷன் சார்ட்டின் பாதியைக் கற்றுவிட்டார். எண்ணை ஊகிக்கத் தெரிந்தவரிடம் பைனரி சர்ச்சின் உயிர் இருக்கிறது. ஹனோய் கோபுரம் ரிகர்ஷனைத் தவிர வேறில்லை. அதாவது பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் இரு தரப்புக்கும் நடுவில் ஒரு பாதையை ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதையில் நாம் நடக்கவில்லை என்பதுதான் குறை. அந்த நான்கு கணக்குகளும் பெரும்பாலும் பைத்தானுக்கு முன் விரைந்து முடிக்க வேண்டிய முன்னுரையாகவே நடத்தப்படுகின்றன. பருவத் தேர்வு 2 மதிப்பெண் வினா பத்து, 13 மதிப்பெண் வினா ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று என்ற அச்சில் வருகிறது. 13 மதிப்பெண் வினாவுக்கு நிரலை அப்படியே எழுதி, ஒரு படம் வரைந்து, நிறைகுறைகளைப் பட்டியலிட்டால் போதும் என்று மாணவர் கணக்குப் போடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் படிப்பார். ஆய்வகத்திலும் இதே நிலைதான். அப்சர்வேஷன் நோட்டில் ஒருமுறை, ரெக்கார்டு நோட்டில் ஒருமுறை என்று ஒரே நிரலை இரண்டு தடவை கையால் எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் பாதியை அந்த நிரல் ஏன் ஓடுகிறது என்று யோசிப்பதற்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ பயன் இருக்கும்.

எனவே நமது கருத்து இது: முதல் பாடத்தில் அல்காரிதம் வேண்டும். ஆனால் கொஞ்சமாக, ஆழமாக வேண்டும். லிஸ்ட், டிக்ஷனரி, ஸ்டாக், க்யூ ஆகிய நான்கு கட்டமைப்புகள், இரண்டு தேடல் முறைகள், இரண்டு வரிசைப்படுத்தல் முறைகள், ஒரு வழி மற்றதைவிட ஏன் வேகமானது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம், இவ்வளவு போதும். ஏவிஎல் மரம், கிராப், டைனமிக் புரோகிராமிங் எல்லாம் அவற்றுக்குரிய பருவத்தில் வரட்டும். பெரிய ஓ குறியீட்டின் முறையான வரையறைகூடப் பிறகு வரலாம். ஒப்பீடுகளை விரல்விட்டு எண்ணிப் பார்க்க அந்த வரையறை தேவையில்லை.

ஆழம் என்று சொல்வது எது என்பதைச் சற்று விளக்கமாகவே காட்ட வேண்டும். கரும்பலகையில் 7, 12, 19, 23, 31, 40, 58, 66 என்று எட்டு எண்களை எழுதி, 60 இருக்கிறதா என்று பைனரி சர்ச்சில் தேடச் சொல்லலாம். இல்லாத எண்ணைத் தேடச் சொல்வதுதான் முக்கியம். இடங்களை 0 முதல் 7 வரை எண்ணினால், நடு இடம் 3. அங்கே இருப்பது 23, போதாது, ஆகவே கீழ் முனை 4-க்கு நகர்கிறது. அடுத்த நடு 5, அங்கே 40. கீழ் முனை 6 ஆகிறது. அடுத்து 58. கீழ் முனை 7. அங்கே 66, அது அதிகம், எனவே மேல் முனை 6-க்கு இறங்குகிறது. கீழ் முனை மேல் முனையைத் தாண்டிவிட்டது. தேடல் நிற்கிறது, 60 இல்லை. இனி ஒரே ஒரு மாற்றம்: கீழ் முனையை நடுவுக்கு அடுத்த இடத்தில் வைக்காமல் நடுவிலேயே வைத்தால் என்ன ஆகும்? மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கட்டும். கீழ் முனை 3, 5, 6 என்று போய், 6-லேயே மாட்டிக்கொண்டு நகர மறுக்கும். நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கூட்ட மறந்ததன் விளைவைத் தன் பென்சில் முனையில் கண்ட மாணவர் அந்த வரியை மறக்கமாட்டார். இதற்குக் கணினி வேண்டாம், மடிக்கணினி வாங்க வசதி வேண்டாம், ஆங்கிலச் சரளமும் வேண்டாம். கணினி அறிவியல் படித்துவிட்டு வந்தவருக்கும் உயிரியல் படித்துவிட்டு வந்தவருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறையச் சமமான புதுமையாக இருக்கும்.

இத்தகைய பாடம் சாத்தியம் என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த், நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம் மூன்றையும் பைத்தான் வழியே சேர்த்துக் கற்பிக்கும் என்பிடெல் இணையவழிப் பாடத்தை மீப்பெரு பொது வகுத்தியிலிருந்து தொடங்குகிறார். பள்ளியில் எல்லோரும் போட்ட கணக்கு. முதலில் இரு எண்களின் வகுத்திகளையெல்லாம் பட்டியலிடுவது, பிறகு பட்டியலே இல்லாமல் கடைசிப் பொது வகுத்தியை மட்டும் நினைவில் வைப்பது, அதன்பின் யூக்ளிடின் வழி என ஒரே கணக்கு படிப்படியாகச் செம்மையாகிறது. எது வேகமானது, எதற்கு நினைவகம் குறைவு என்ற கேள்விகள் முதல் வாரத்திலேயே இயல்பாக வந்துவிடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பாடத்தை வகுப்பில் பத்து நிமிடம் ஓடவிட்டு, மீதி நேரத்தில் மாணவரைப் பேசவைக்கலாம்.

பேசவைப்பது என்றால் நேரத்தை வீணாக்குவது என்று எண்ணுவோரும் உண்டு. பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடியில் உள்ள ஆசிரியருக்கு அந்த அச்சம் இருப்பது இயல்பே. அமெரிக்காவின் சான் டியேகோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், லியோ போர்ட்டர் உள்ளிட்ட ஆசிரியர்கள் நான்கு கணினிப் பாடங்களின் பல ஆண்டு முடிவுகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு வினாவைத் திரையில் காட்டி, ஒவ்வொருவரும் தனியாக விடை தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மறுபடி விடை சொல்லும் முறையில் நடத்திய வகுப்புகளில் தேறாதோர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்திருந்தது. அங்குள்ள சூழல் வேறு, இங்குள்ள சூழல் வேறு என்பது உண்மைதான். ஆயினும் கையை உயர்த்தி விடை சொல்லவும் பக்கத்துப் பெஞ்சோடு விவாதிக்கவும் நமக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் 2006-இல் உருவான மற்றொரு பயிற்சி இன்னும் எளிது: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, ஒழுங்காக அடுக்கச் சொல்வார்கள். தாளில் அச்சிட்டு வெட்டிக் கொடுத்தால் போதும்.

வாதம் எந்த மொழியில் நடக்கலாம்? தமிழில் நடக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. கணினிப் பாடத்தை ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்கும், புரிந்துகொள்ளும் நேரத்தில் தன் மொழியில் கேட்கும் உரிமை வேண்டும். ஸ்டாக், க்யூ என்ற பெயர்கள் அப்படியே இருக்கட்டும், அது ஏன் அப்படி இயங்குகிறது என்பதைத் தமிழில் சொல்லட்டும். நாளை வேலை ஆங்கிலத்தில்தானே என்று கேட்போரின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. புரிந்ததை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக்காட்டும் பயிற்சியை அதே வகுப்பில் சேர்த்தால் இரண்டும் நிறைவேறும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் இன்று முழுமையடையாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, முதலாண்டு ஆய்வகக் கணக்குகள் அனைத்துக்கும் சில நொடிகளில் விடை கிடைத்துவிடுகிறது. இனி அல்காரிதம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கருவியையே தடை செய்ய வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாத மாணவருக்கு, பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும் கருவி பெரிய துணை. அதே கருவி, யோசிக்க வேண்டிய வேலையையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. முனை நகராமல் 6-இல் மாட்டிக்கொண்ட அந்தத் தேடலைத் தாளில் பார்த்திராதவர், கருவி தரும் நிரலில் அதே பிழை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்? முதலில் கையால் ஓட்டிப் பார்ப்பது, பிறகு கருவியைக் கேட்பது, வைவாவில் தன் நிரலின் எந்த வரியையும் விளக்கத் தயாராக இருப்பது என்ற ஒழுங்கை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே வகுத்துக்கொள்ளலாம். தடையைவிட அது நீடிக்கும்.

இதில் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. பெரிய பங்கு வினாத்தாளை வகுப்பவர்களிடம் இருக்கிறது. 13 மதிப்பெண் வினாக்களில் ஒன்றேனும், கொடுத்த நிரலைக் குறிப்பிட்ட எண்களுக்கு ஓட்டிக் காட்டு, அதில் உள்ள பிழையைக் கண்டுபிடி, வேறொரு தேவைக்கு மாற்று என்று கேட்டால், கற்பித்தல் தானாகவே மாறத் தொடங்கும். திருத்துவோருக்கு அது கூடுதல் உழைப்புதான். தெளிவான மதிப்பீட்டுக் குறிப்பைக் கூடவே கொடுத்து அந்தச் சுமையைக் குறைப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. அறுபது எழுபது பேர் கொண்ட வகுப்பையும், ஆய்வகத்தையும், அலுவலகப் பணிகளையும் ஒன்றாகச் சுமக்கும் இளம் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிட்டு அவருக்கு எதுவும் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. ரெக்கார்டு எழுதும் பக்கங்களைப் பாதியாகக் குறைக்கும் முடிவைக் கல்லூரி நிர்வாகமே எடுக்கலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை.

மாணவர்களில் முன்பே படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியில் பார்த்த பாடம்தானே என்று வகுப்பில் ஒதுங்கியிருப்பதைவிட, பக்கத்தில் இருப்பவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் இரண்டாவது கேள்வியில், உங்களுக்கே எது தெளிவாகவில்லை என்பது தெரியவரும். புதிதாகப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வகுப்பில் மற்றவர் வேகமாகத் தட்டச்சு செய்வதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தட்டச்சு வேகத்துக்கும் யோசனைக்கும் தொடர்பு குறைவு.

நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. தாங்கள் உண்மையில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை அவை முதலாண்டு ஆசிரியர்களிடம் வெளிப்படையாகச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். இறுதியாண்டில் நடக்கும் தேர்வின் அச்சம் முதலாண்டு வகுப்பை ஆட்டிவைப்பதற்குக் காரணம், இரு பக்கமும் பேசிக்கொள்ளாததுதான். மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் கல்லூரிகளையும் தொழில்துறையையும் இணைக்கும் வேலையைச் செய்துவருகிறது. இறுதியாண்டுப் பயிற்சிகளோடு நில்லாமல் முதலாண்டு ஆசிரியர்களையும் அந்த மேசைக்கு அழைக்கலாம். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் வந்து, தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கட்டமைப்பு எது, எதைத் தேர்வு முடிந்த பிறகு தொட்டதே இல்லை என்று நேர்மையாகச் சொன்னாலும் பெரிய உதவி. எல்லா நிரலாளரும் தினமும் மரங்களைச் சமன்செய்துகொண்டிருப்பதில்லை. ஆனால் பட்டியலில் தேடுவதா, டிக்ஷனரியில் தேடுவதா என்ற முடிவை ஏறக்குறைய எல்லோரும் எடுக்கிறார்கள்.

பெற்றோர் மூன்றாம் பருவத்துக்குள்ளேயே தனிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன், கல்லூரியில் அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கேட்கலாம். அப்படிக் கேட்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாத கல்லூரிகள் நம்மிடம் நிறைய உண்டு.

பல கல்லூரிகளில் முதலாண்டை ஒரு துறையும், மூன்றாம் பருவத்தை வேறொரு துறையும் கவனிக்கின்றன. முதலாவது துறை எதைக் கற்பித்தது என்று இரண்டாவதற்குத் தெரிவதில்லை. இரண்டாவது துறை எதை எதிர்பார்க்கிறது என்று முதலாவதற்கும் தெரிவதில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் இரு துறை ஆசிரியர்களும், மூன்றாமாண்டு மாணவர் இருவரும் ஓர் அறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, முதலாண்டு முடிவில் ஒவ்வொரு மாணவரும் கையால் ஓட்டிக் காட்ட வேண்டிய பத்துக் கணக்குகளைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள்.